இன்னைக்கு எங்க வலி?

பிளஸ் ஒன் படித்த வருடம் தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது என் ரத்தத்தை அம்மாவே எடுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு லேப் வேலை. எத்தனையோ பேருக்கு அலுங்காமல் ஊசி குத்தியவள். அன்றைக்கு என் கையில் மட்டும் நரம்பைத் தேடி இரண்டு தடவை குத்தினாள். தானே மெஷினில் வைத்துத் தானே முடிவைப் பார்த்துவிட்டு சாயந்திரம் போத்தனூர் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அல்லாமே நார்மலா இருக்குது கண்ணு" என்றாள்.

சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது. ரத்தத்தில் ஏதாவது ஒன்று கூடியோ குறைந்தோ இருந்திருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றுமே இல்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு வலி கழுத்தில் ஆரம்பித்தது. பின்மண்டையின் அடியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். மத்தியானத்துக்குள் அது தோளுக்கு இறங்கும். சாயந்திரம் நெற்றி வரைக்கும் ஏறிவிடும். சில நாள் முதுகு முழுக்க ஒரே பலகையாகிப்போகும். விழுந்து அடிபட்டதில்லை, காய்ச்சல் வந்ததில்லை. விடுதியில் சேர்ந்த ஆறேழு வாரத்தில் தானாக வந்தது. போகவேயில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் அவிநாசியைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால் அந்த மாதிரி விடுதிப் பள்ளியில் சேர்ப்பதுதான் வழக்கம். என்னையும் சேர்த்தார்கள். நானும் ஆசைப்பட்டுத்தான் போனேன். விடியும் முன்னே மணி அடிக்கும். குளித்தும் குளிக்காமலும் ஓடிப்போய் ஸ்டடி ஹாலில் உட்கார வேண்டும். மேசை நாற்காலி கிடையாது. சம்மணம் போட்டு, தரையில் புத்தகத்தை வைத்து, குனிந்து படிக்க வேண்டும். பிறகு வகுப்பு, வகுப்பு முடிந்ததும் டெஸ்ட், டெஸ்ட் முடிந்ததும் மறுபடி ஸ்டடி. மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். கால அட்டவணையில் விளையாட்டு பீரியட் என்று ஒன்று போட்டிருந்தது. அதில் கெமிஸ்ட்ரி நடந்தது. காலை டிபனுக்கு வரிசையில் நின்றால் டெஸ்ட்டுக்குப் படிக்க நேரம் இருக்காது என்று பாதிப் பேர் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டினோம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அத்தனை நாள் பார்க்காத போனை எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தூக்கம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

ஒரு நாள் ஸ்டடி ஹாலில் உட்கார முடியாமல் கடைசி வரிசைச் சுவரோரம் நகர்ந்து போய்ச் சாய்ந்துகொண்டேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேறு செக்‌ஷன். நான் கழுத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உனக்கு அங்கயா? எனக்குக் காலு புள்ள" என்றாள். அவ்வளவுதான், பழகிவிட்டோம்.

அவளுக்குத் தொடையிலிருந்து கணுக்கால் வரை கடுத்துக்கொண்டே இருக்கும். கூடவே இடுப்பும். ஊரில் கவர்மென்ட் ஸ்கூலில் படித்தபோது கோ-கோ ஆடியவள், மாவட்டப் போட்டி வரை போனவள். "ஓடறப்ப ஒரு நாளும் வலிச்சதில்ல. இங்க வந்து உக்கோந்துதான் வலிக்குது" என்பாள். அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா காலம் வரை தோட்டத்து வேலைக்குப் போன குடும்பம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்தாவதில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துப் பள்ளிக்கூடமே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை. ஊருக்குப் போனால் தெருவில் எல்லாரும் "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

காலையில் பல் தேய்க்கும் இடத்தில் பார்த்தால் மற்றவர்கள் "படிச்சிட்டியா?" என்று கேட்பார்கள். அவள் என்னிடம் "இன்னைக்கு எங்க?" என்பாள். நான் "வலது தோளு" என்பேன். "எனக்கு ரெண்டு முட்டியும்" என்பாள். கேலி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த விடுதியில் எனக்கு வலிக்கிறது என்பதை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். சாயந்திரம் டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்காருவோம். நான் அவள் காலை அமுக்கிவிடுவேன். அவள் என் கழுத்தில் தைலம் தேய்ப்பாள். அவளுக்குக் கை நல்ல பலம். தேய்க்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தைலத்தாலா வேறு எதனாலா என்று அவளும் கேட்டதில்லை.

வார்டன் அக்கா கெட்டவர் இல்லை. "ஏனம்மிணி, மறுக்காவுமா?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மாத்திரை கொடுப்பார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. அந்த டப்பாவைத் தேடி வந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. தலைவலிக்காரிகள், வயிற்று வலிக்காரிகள், முதுகு வலிக்காரிகள் என்று பரீட்சை நெருங்க நெருங்க வரிசை நீளும். ஒரு தடவை எங்கள் இரண்டு பேரையும் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் கோபப்படவில்லை. சிரித்தபடியே சொன்னார்: "இந்த வயசுல என்னம்மா வலி? எங்களுக்கு வந்தா ஒரு நாயம். படிக்கறதுக்குச் சலிப்பா இருந்தா சலிப்புன்னு சொல்லிருங்க."

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், வேண்டுமென்றே நிமிர்ந்து இறங்கினாள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அம்மா ஓய்ந்து உட்காரவில்லை. கண் டாக்டர், எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று மீதி தீபாவளி லீவிலும் அரையாண்டு லீவிலும் அலைந்தோம். ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுத்துக் கிடந்தேன். அந்தப் படத்திலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு டாக்டரும் "ஒண்ணுமில்லீங்க" என்று நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க, அவர்கள் என்னையே ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல இருந்தது. அம்மாவும் மெல்ல மெல்ல மாறினாள். நான் முனகினால் முன்பெல்லாம் ஓடி வருவாள். பிறகு அடுக்களையிலிருந்தே "சித்த நேரம் படு, சரியாயிரும்" என்பாள். அதற்கும் பிறகு அதுவும் இல்லை.

அத்தை சொன்னார் என்று கொடுமுடிக்குப் போய்ப் பரிகாரமும் செய்தோம். காரில் போய்த் திரும்புவதற்குள் கழுத்து இறுகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. காவிரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது தலை பாரமே தெரியவில்லை. அம்மா கரையிலிருந்து "போதும் வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு மேலே ஏற மனசே வரவில்லை.

அதன் பிறகு அம்மாவின் ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு பிரிவு திறந்தார்கள். புதிதாக வந்த டாக்டர் நடுவயதுப் பெண். அம்மா அவருக்கு ஏதோ ரிப்போர்ட் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொங்கல் லீவில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை.

அந்த டாக்டர் என் ஃபைலைத் திறக்கவில்லை. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்ன பண்ணுவே, ஒண்ணுவிடாமச் சொல்லு" என்றார். சொன்னேன். மணியடிப்பது, குனிந்து படிப்பது, டிபன் சாப்பிடாதது, மார்க் வாசிக்கும்போது கை ஜில்லிட்டுப் போவது, கண்ணை மூடினால் மறுநாள் டெஸ்ட் ஓடுவது எல்லாம். அவர் நடுநடுவே "ம்" என்று மட்டும் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கறயா, சாப்டியா" என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வலி நிசம்" என்றார் டாக்டர். "நடிப்புன்னு எவராச்சும் சொன்னா காதுல வாங்காதே. ஆனா உடம்புல காயம் எதுவும் இல்ல. அதனாலதான் படத்துல தெரியமாட்டேங்குது. தூங்காம, அசையாம, பயந்துட்டே இருந்தா நரம்பு சின்ன விஷயத்துக்கும் கத்தப் பழகிக்கும். பழகினதை மறக்கடிக்கலாம். நாளாகும். ஆனா முடியும்."

நான் அழுதேன். வலிக்கு அழுததில்லை, இதற்கு அழுதேன்.

வீட்டுக்குப் போகும்போது அப்பா சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, பாதி தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "ஸ்டார்ட்டர்ல ரிலேன்னு காவலுக்கு ஒண்ணு இருக்குது, அத ரொம்ப உசாரா வெச்சுப்போட்டா நல்ல மோட்டாரும் நின்னு நின்னு போகும். மோட்டாரக் கழட்டிப் பாத்துட்டே இருந்தா என்ன கெடைக்கும்?" அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும், "இனி அந்த ஹாஸ்டலுக்குப் போக வேண்டாங் கண்ணு" என்றாள்.

டிரங்குப் பெட்டியை எடுத்துவரப் போன அன்று என் சிநேகிதி விடுதி வராந்தாவில் நின்றிருந்தாள். நான் இனி வரப்போவதில்லை என்பது பெட்டியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "நல்லது புள்ள. போய்த் தூங்கு" என்றாள். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. அவளைப் பற்றி நான் அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எங்க ஆஸ்பத்திரிக்கு வா கண்ணு. அந்த டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க அம்மா."

அம்மா அவளுடைய அப்பாவிடம் போனிலும் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மிகவும் மரியாதையான மனிதர். "உங்களுக்கு நொம்பப் புண்ணியமுங்க. பாக்கறனுங்க. பிளஸ் டூ ஒண்ணு முடிஞ்சிரட்டுமுங்க. இப்பக் கூட்டிட்டு வந்தா பள்ளிக்கூடத்துல என்ன நெனைப்பாங்களோன்னு இருக்குதுங்க. எங்க தெருவுல மொதல் புள்ளைங்க அது." அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் "ஒண்ணுமில்லைன்னு அவங்களே சொல்றாங்களேங்க" என்றார். மூன்று டாக்டரிடம் அதே வார்த்தையைக் கேட்டு நம்பியவள் அம்மா. "சரிங்க" என்று போனை வைத்தாள்.

அப்பா யாரையோ பிடித்து, பாதி வருடத்திலேயே என்னைப் போத்தனூரில் ஒரு சாதாரணப் பள்ளியில் சேர்த்தார். அப்பா விடிகாலையில் என்னை எழுப்பி நடக்கக் கூட்டிப்போனார். ரயில்வே காலனிப் பக்கம் வேப்பமரங்களுக்கு அடியில் மெதுவாக நடப்போம். முதல் மாதம் பாதித் தூரத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவர் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்று ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனைக் கூடத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று அம்மா கண்டிஷன் போட்டாள். தன் போனையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள், மூச்சு, வாரம் ஒரு தடவை பேச்சு. கேட்கச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். செய்யச் செய்ய அலுத்துப்போகும். ஒரு வாரம் குறைந்த வலி அடுத்த வாரம் ஒரு டெஸ்ட்டுக்கு முன்னால் முழுசாகத் திரும்பி வரும். அன்றைக்கெல்லாம் எல்லாம் வீண் என்று தோன்றும். ஆனாலும் குறைந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து கழுத்து என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை என்பது திடீரென்று தெரிந்தது. பயந்துபோய் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி போனிலிருந்து வீட்டுக்குப் பேசிவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் என்னையும் கூப்பிடுவாள். எடுத்தவுடன், "இன்னைக்கு எங்க?" என்பாள். வலியே இல்லாத நாட்களிலும் "கழுத்துலதான்" என்றேன். எனக்கு இல்லை என்று சொன்னால் அந்தப் பக்கம் அவள் தனியாகிவிடுவாள் என்று தோன்றியது. அவள் "எனக்கு இப்ப காலு, இடுப்பு, கையி எல்லாம் ஒண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். "மாத்திரை போட்டா நிக்குது. அத வெச்சு ஓட்டிட்டு இருக்கறேன். இன்னும் கொஞ்ச நாளுதான புள்ள" என்பாள்.

பிளஸ் டூ பொதுப் பரீட்சையின் நடுவில் அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்துவிட்டாள், கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. நானும் அம்மாவும் ஓடினோம். வார்டன் அக்காவின் டப்பா போதாமல், லீவுக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய அம்மாவின் பையிலிருந்து வலி மாத்திரை அட்டைகளை எடுத்து வந்திருக்கிறாள். நாள் முழுக்க நின்றே செக்கிங் செய்கிற அம்மா, தன் கால் வலிக்கு வாங்கி வைத்திருந்தவை. வெறும் வயிற்றில் டீயைக் குடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் போட்டிருக்கிறாள். வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது.

வார்டு வாசலில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். அதுவரை போனில் கேட்ட குரல்தான், ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். காக்கிச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லைன்னே சொல்லிப்போட்டாங்களேங்க அம்மிணி. நானும் ஒண்ணுமில்லைன்னே இருந்துபோட்டேன்."

அம்மா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அவர் உட்கார்ந்தும் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை.

உள்ளே அவள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பிசிக்ஸ் பேப்பர் எப்படி இருந்துச்சு?" என்றுதான். நான் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது கேள்வியைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். அப்படித் தூங்கி நான் அவளைப் பார்த்ததேயில்லை. அவளுடைய அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து போர்வைக்கு மேலாகவே காலை நீவிக்கொண்டிருந்தார்.

விட்ட பரீட்சைகளை ஜூலையில் எழுதிப் பாஸ் செய்தாள். ஆனால் நினைத்த படிப்புக்கு அந்த மார்க் போதவில்லை. இன்னொரு வருடம் விடுதியில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அவளுடைய அப்பா முதல் தடவையாக அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதற்குள் அவளுக்கே படிப்பு விட்டுப்போயிருந்தது. "புஸ்தகத்தத் தொறந்தாலே இடுப்புல ஆரம்பிச்சிருது புள்ள" என்றாள். தன் அம்மாவோடு பனியன் கம்பெனி வேனில் ஏறினாள். கொஞ்ச நாள் சும்மா போகலாம் என்றுதான் போனாள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாகி, கல்யாணப் பத்திரிகை வந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் போட்டோவுக்காக நிற்கவைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூட்டம் இறங்கினால் அடுத்த கூட்டம் ஏறும். அவள் சிரித்த முகமாக நின்றாள். பட்டுப்புடவையின் கரைக்குள்ளே அவள் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதும், திரும்பவும் மாற்றுவதும் கீழே வரிசையில் நின்றிருந்த எனக்குத் தெரிந்தது. மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் முறை வந்ததும் மேலே ஏறி, பக்கத்தில் நிற்கும் சாக்கில் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தேன். போட்டோ எடுத்து முடிக்கும் வரை முழுப் பாரத்தையும் என் கையில் சாய்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாருக்கும் ஆவதுபோலத்தான் ஆனது. நான் பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அவள் ஊர் மாறினாள், போன் நம்பர் மாறியது. வலி என்னை முழுசாக விட்டுவிடவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் வந்து தோளில் உட்காரும். எழுந்து நடப்பேன், சீக்கிரம் படுப்பேன், பயப்படமாட்டேன். இரண்டொரு வாரத்தில் போய்விடும்.

போன வருடம் ஆபீஸில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அவிநாசி போயிருந்தேன். திரும்பும்போது கோயில் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். கூப்பிட்டதும் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"எப்பிடி இருக்கறீங்க? அம்மா அப்பா அல்லாம் சௌக்கியங்களா?" என்றாள்.

என் சுடிதாரையும், தோளில் தொங்கிய ஆபீஸ் பையையும் பார்த்துத்தான் அந்த 'ங்க' வந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் 'ங்க' போட்டுப் பேசாவிட்டால்தான் குறையாக நினைப்பார்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது. "என்ன புள்ள இது, என்னயப் போயி..." என்றேன். சிரித்தாள். ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது இருக்குதுங்க. அதுபாட்டுக்கு இருக்குது. பையன் பொறந்தப்ப இன்னுங் கொஞ்சம் சாஸ்தியாச்சு. கம்பெனில எல்லாத்துக்குமே ஏதோ ஒண்ணு வலிக்குதுங்க, அதனால வித்தியாசமாத் தெரியறதில்ல."

அந்த டாக்டர் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், ஒரே ஒரு தடவை வா என்று அங்கேயே நின்று கெஞ்சினேன். இரண்டு பஸ்ஸை விட்டோம். கடைசியில், "சரிங்க, அவுருகிட்டச் சொல்லிட்டு வாரனுங்க" என்றாள்.

வந்தாள். புருஷன் பைக்கில் கூட்டிவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அம்மா லேப்பிலிருந்து வந்து அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். டாக்டருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னிடம் கேட்டதுபோலவே அவளிடமும் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். பையனை மடியில் வைத்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவள் விடுதியிலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனி வேனில், செக்கிங் மேசையில், சமையலில் முடித்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை வருசமா உங்களுக்கு நிசமாவே வலிச்சிருக்குதுங்க" என்றார்.

அவள் என்னைப்போல அழவில்லை. "இத எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். அப்போது அவளுடைய அப்பா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

இவ்வளவு காலம் ஊறிய வலி மெதுவாகத்தான் இறங்கும், தொடர்ந்து வர வேண்டும் என்றார் டாக்டர். அவள் மறுபடியும் ஒரு தடவை வந்தாள். அடுத்த தடவைக்கு நான் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தேன். போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம். "ஷிப்மென்ட் இருக்குதுங்க, லீவு தரமாட்டீங்கறாங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றாள். அடுத்த மாதமும் அதேதான். வீட்டில் பயிற்சி செய்கிறாயா, சாயந்திரம் கொஞ்சம் நடக்கிறாயா என்று கேட்டேன். "நாள்பூரா நின்ன காலுங்க. எங்கீங்க நடக்கறது?" என்றாள். அதில் குறையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு சேர்ந்து நடக்க அப்பா இருந்தார், வேலையை விட்டுப் பக்கத்தில் நிற்க அவருக்கு நேரம் இருந்தது. அவளுக்கு அப்படி யாரையும் நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

இப்போது ஆஸ்பத்திரிப் பேச்சை நான் எடுப்பதில்லை. எடுத்தால் எனக்காக ஏதாவது ஒரு தேதி சொல்வாள், பிறகு வர முடியாமல் மன்னிப்புக் கேட்பாள். அவளை மன்னிப்புக் கேட்கவைக்க எனக்கு மனசில்லை. எப்போதாவது பேசினால் வீட்டு விஷயம் பேசுவோம். போன வாரம் அவளே கூப்பிட்டாள். பையனை ஒண்ணாவது சேர்க்க வேண்டுமாம், பள்ளிக்கூடம் பார்க்கிறார்களாம். உங்களுக்குத் தெரிந்த நல்ல பள்ளிக்கூடம் இருந்தால் சொல்லுங்கள் என்றாள். எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு பெரிய பள்ளிகளின் பேரைச் சொன்னேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றாள். "சாயந்திரமானா நேரத்துல ஊட்டுக்கு உடற பள்ளிக்கூடமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. மார்க்கு எப்படியிருந்தாலுஞ் சரிங்க."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.